ஜமுனாமரத்தூருக்கு ஆறு சைக்கிள்

எண்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாசம், வியாழக்கிழமை. விடியற்காலை நாலரைக்குக் கலசப்பாக்கத்தை விட்டோம். நானும் ஏழுமலையும். ஆளுக்கு ஒரு சைக்கிள். மூன்று நாளாக மழை விடவில்லை.

ஜவ்வாது மலையை எங்கள் பக்கத்து ஆட்கள் தினமும் பார்க்கிறோம். மேலே ஏறியவர்கள் குறைவு. நானும் முப்பத்து நாலு வருஷம் கீழே இருந்து பார்த்தவன்தான். போகாதவர்களுக்காகப் போன வழியை எழுதுகிறேன்.

போனது வேலைக்காக. மலை மேலே, ஜமுனாமரத்தூரில், ஒரு சர்க்கார் ஆபீசில் இரண்டு பியூன் வேலை. கடுதாசிகளை மலை ஊர்களுக்குக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். வந்த கார்டில் இப்படிப் போட்டிருந்தது: பகல் பதினோரு மணிக்கு நேரில் வரவும், சொந்த சைக்கிளுடன் வரவும், ஓட்டிக் காட்ட வேண்டும். நான் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். ஐந்தாவது வரை படிப்பு. முப்பத்தைந்து தாண்டினால் இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். எனக்கு எட்டு மாசம் பாக்கி இருந்தது. இன்னொரு கார்டு வராது என்று எனக்குத் தெரியும். என் சம்சாரத்துக்கும் தெரியும். நாலு இட்லியைக் கட்டிக் கொடுத்து, கார்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, என் இடுப்பில் அவளே செருகினாள்.

ஏழுமலைக்கும் அதே கார்டு வந்திருந்தது. எதிர் வீட்டுக்காரன். என் சம்சாரத்துக்குத் தம்பி முறை. வயசு இருபத்தெட்டு. வாய் ஓயாது.

"மாமா, ரெண்டு வேலை. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. மத்தவன்லாம் இன்னாத்துக்கு நனைஞ்சிக்கினு வர்றான்னே தெரியல" என்றான்.

"வாயை மூடிக்கினு மிதி."

"வாயை மூடுனா மூச்சு முட்டும் மாமா."

கலசப்பாக்கத்திலிருந்து போளூர் எட்டு மைல். சமமான ரோடு. எதிர்க்காற்று. டைனமோ லைட் மழையில் இரண்டு முழத்துக்கு மேல் தெரியவில்லை.

5.50. போளூர் பஸ் ஸ்டாண்டு. மலைக்குப் பஸ் இல்லை என்றார்கள். சைக்கிளைப் பஸ் மேலே போட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தோம். டிக்கெட் நாலு ரூபாய், சைக்கிளுக்கு இரண்டு ரூபாய் என்று கேட்டு வைத்திருந்தேன்.

"பாறை சரிஞ்சிருக்குது. பஸ் போவாது" என்றார் டைம் கீப்பர்.

"எப்போ வுடுவாங்க?"

"மழையைக் கேளு. எங்கிட்ட கேக்கறே."

அங்கே இன்னும் மூன்று பேர் சைக்கிளோடு நின்றார்கள். கையில் அதே கார்டு. இரண்டு பேர் சந்தவாசல்காரர்கள், அண்ணன் தம்பி. மூன்றாவது ஆள் முருகேசன், போளூரே ஊர். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வெற்று உடம்போடு நின்றான். ஆபீசில் போட்டுக்கொள்ள உலர்ந்த சட்டை வேண்டுமாம். எனக்கு அந்த யோசனை வரவில்லை. இரண்டு வேலைக்கு ஐந்து பேர் ஆகிவிட்டோம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஏழுமலைகூடப் பேசவில்லை.

ஆறாவது ஆள் பச்சையப்பன். ஐம்பது வயசு இருக்கும். வாரா வாரம் ஜமுனாமரத்தூர் சந்தைக்குச் சைக்கிளில் கருவாடு கொண்டு போகிறவர். அன்றைக்கும் காரியரில் ஒரு மூட்டை. அவருக்கு எங்கள் வேலை தேவையில்லை. மழையும் புதுசு இல்லை.

"நான் போறேன். வர்றவன் வரலாம். ஆனா என் கணக்குக்கு வரணும்" என்றார்.

கணக்கு இது. சந்தை வியாபாரிகள் மலையில் கும்பலாகத்தான் போவார்கள். வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் முதல் ஆள் ஒரு தடவை பெல் அடிக்க வேண்டும். இரண்டாவது ஆள் இரண்டு தடவை. இப்படியே கடைசி ஆள் வரைக்கும். பனியில் கண்ணுக்குத் தெரியாது, காது கேட்கும். எந்த எண்ணிக்கை வரவில்லையோ அந்த ஆள் விழுந்தான் என்று கணக்கு. உடனே எல்லாரும் நின்றுவிட வேண்டும்.

"பெல் இல்லாதவன் வராதீங்க" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

அவர் ஒன்று. சந்தவாசல்காரர்கள் இரண்டு, மூன்று. முருகேசன் நாலு. நான் ஐந்து. ஏழுமலை ஆறு.

6.55. அத்திமூர். இங்கே சமதளம் முடிகிறது. டீ நாற்பது பைசா. நான் இட்லியைத் தின்றேன். ஏழுமலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஹேண்டில்பாரைக் காட்டினான். பெல்லின் மூடி இல்லை. அடியில் பல்சக்கரம் மட்டும் இருந்தது.

"எங்கியோ குழியில வுழுந்துடுச்சு மாமா."

"அண்ணங்கிட்ட சொல்லு."

"சொன்னா திரும்பிப் போம்பாரு. நீ உன் அஞ்சு அடிச்சிட்டு, கொஞ்சம் வுட்டு, எனக்கும் ஒரு ஆறு அடிச்சுடேன். உன் முதுகைப் பாத்துக்கினேதான வரப் போறேன்."

"ஒரே பெல்லு சத்தம்னு கண்டுபுடிச்சுடுவாரு."

"இந்த மழையில அவரு பெஞ்சாதி கூப்ட்டாலே அவருக்குக் கேக்காது."

ஒரு நிமிஷம் யோசித்தேன். திரும்பிப் போ என்றால் அவன் வேலை போச்சு. சரி என்றேன்.

7.10. ஏற்றம் தொடங்கியது. ஓட்ட முடியாது. தள்ளிக்கொண்டே ஐந்து மைல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பாறையிலிருந்து தண்ணீர் ரோட்டில் கொட்டியது. தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. சின்னச் சின்னக் கல் உருண்டு வந்து சக்கரத்தில் மோதியது. கல் வரும்போது பச்சையப்பன் நின்று மேலே பார்ப்பார். பார்த்த பிறகுதான் நடப்பார். நாங்களும் அப்படியே செய்தோம்.

ஒவ்வொரு வளைவிலும் பெல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் ஐந்து அடிப்பேன். இரண்டு மூச்சு விட்டு ஆறு அடிப்பேன். பச்சையப்பன் கண்டுபிடிக்கவில்லை.

ஏறும்போது எனக்குக் கவலை இல்லை. ஏழுமலை பின்னால் இருக்கிறானா என்று பார்க்கத் தேவையே இல்லை. பேசிக்கொண்டே வந்தான்.

"அண்ணே, மூட்டையை நல்லா கட்டுங்க. இந்தத் தண்ணிக்கு உங்க கருவாடு மறுபடியும் மீனாகி நீந்திடப் போவுது!"

"நீந்துனா உன்னைத்தான் முதல்ல கடிக்கும். நடடா" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

பஸ்ஸை நிறுத்திய பாறை பாதி வழியில் கிடந்தது. ஒரு மாட்டுக் கொட்டகை அளவு இருக்கும். பள்ளத்துப் பக்கம் இரண்டடி இடம் விட்டிருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாறையில் முதுகை ஒட்டி, பக்கவாட்டில் நடந்து தாண்டினோம். கருவாட்டு மூட்டையை நான் தூக்கினேன். எனக்கு மூட்டை பழக்கம். கீழே பார்க்கவில்லை. மூங்கில் தலைகள் மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தன.

8.45. ஏற்றம் முடிந்தது. ஏறிவிட்டால் மலை முடிந்தது என்று கீழே இருக்கிறவர்கள் நினைக்கிறோம். அப்படி இல்லை. மேலேயும் ஏற்றம், இறக்கம், ஓடை எல்லாம் இருக்கிறது. முதல் இறக்கமே மூன்று மைல், பதினோரு வளைவு என்றார் பச்சையப்பன். அதன் பிறகு ஜமுனாமரத்தூர் ஏழு மைல்.

இங்கே பனி பிடித்துக்கொண்டது. முன்னால் போகிற முருகேசனின் முதுகு தெரிந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

"ரிம்மு நனைஞ்சி கீது. பிரேக்கு புடிக்காது. முன் பிரேக்கைத் தொடாதீங்க. காலைத் தேய்ச்சிக்கினு வாங்க" என்றார் பச்சையப்பன்.

இறங்கினோம். பிரேக்கை அழுத்தினால் சத்தம் வந்ததே தவிர வேகம் குறையவில்லை. இடது காலைத் தரையில் தேய்த்தேன். செருப்பு சூடானது. முதல் வளைவு. பெல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் ஐந்து. பிறகு ஆறு. இரண்டாவது வளைவு. மூன்றாவது. ஏழுமலை பேச்சை நிறுத்திவிட்டான். அவன் காலும் தரையில் தேய்கிற சத்தம் பின்னால் கேட்டது.

நாலாவது வளைவில் ஒரு ஓடை ரோட்டுக்கு மேலே ஓடியது. முழங்கால் அளவு தண்ணீர். "இறங்கித் தள்ளுங்க" என்று சத்தம் வந்தது. தள்ளினோம். தண்ணீர் சக்கரத்தைப் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. நான் அக்கரை ஏறும்போது பின்னால் ஏழுமலை கத்தினான்.

"மாமா, செருப்பு போச்சு!"

சிரித்துக்கொண்டுதான் கத்தினான்.

"வுட்டுட்டு வாடா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். முருகேசன் முதுகு மறையப் பார்த்தது. அதைப் பிடிக்க வேண்டும்.

ஐந்தாவது வளைவு. நாலு கேட்டது. ஐந்து அடித்தேன். செருப்பை எடுத்துக்கொண்டு வருவான் என்று ஆறும் அடித்தேன். அடிக்காவிட்டால் எல்லாரும் நிற்பார்கள். பெல் இல்லாத விஷயம் தெரியும். ஆறாவது வளைவிலும் அடித்தேன்.

ஏழாவது வளைவில், பின்னால் கால் தேய்கிற சத்தம் கேட்கவில்லையே என்று தோன்றியது. மழைச் சத்தத்தில் கேட்காது என்று வைத்துக்கொண்டேன். நின்று பார்த்திருக்கலாம். நின்றால் நேரம் போகும். நிற்கவில்லை. வேலையை நினைத்துத்தான் நிற்கவில்லையா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. இதை எழுதாமலும் விட்டிருக்கலாம். எட்டாவது வளைவில் கை தானாக அடித்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஐந்து அடித்தேன், ஆறும் அடித்தேன்.

9.20. இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு கூரைக் கடை. மூடியிருந்தது. தாழ்வாரத்தில் எல்லாரும் சைக்கிளைச் சாத்தினோம். பச்சையப்பன் மூட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஆட்களை எண்ணினார்.

"ஏழுமலை எங்கே?"

நான் திரும்பி ரோட்டைப் பார்த்தேன். பனி மட்டும் இருந்தது.

"வந்துக்கினு இருப்பான். இப்பத்தான பெல் அடிச்சான்? ஆறு கேட்டுச்சே" என்றான் முருகேசன்.

"நான் அடிச்சேன்" என்றேன்.

"இன்னா?"

"அவன் பெல்லுக்கு மூடி இல்ல. அத்திமூர்ல இருந்து நான்தான் அடிக்கிறேன்."

பச்சையப்பன் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா எங்க பாத்தே?"

"நாலாவது வளைவு. தண்ணியில. செருப்பு போச்சுன்னான்."

"அதுக்கப்புறம் ஏழு வளைவு அடிச்சிருக்கே."

"அடிச்சேன்."

சந்தவாசல்காரர்களில் தம்பி தலையைத் துடைத்துக்கொண்டே, "அஞ்சு பேரு நாலு பேரு ஆயிட்டோம்" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவன் அண்ணன் அவன் பிடரியில் ஒன்று போட்டான்.

"நான் போறேன். எனக்கு வேலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீங்க நேரா போனா ஊருதான்" என்றார் பச்சையப்பன்.

அந்தச் சமயம் நான் சும்மா இருந்திருந்தால் போயிருப்பார். இடுப்பில் கார்டு குத்திக்கொண்டு இருந்தது.

"நீங்க இவங்களைக் கூட்டிக்கினு போங்க. ஆஸ்பத்திரியில சொல்லுங்க. நான் போறேன்" என்றேன்.

"ஒண்டி ஆளா இன்னா பண்ணுவே?"

"மூட்டை தூக்கறவன்தான?"

கருவாட்டு மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். "ஓடைக்கு மேல ரெண்டு மூணு வூடு கீது. கத்து. வருவாங்க" என்றார். முருகேசன் தன் பிளாஸ்டிக் தாளைப் பிரித்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தான். "காயம் இருந்தா கட்டு" என்று நீட்டினான். அவனைப் பற்றி நான் அதுவரை வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

சைக்கிளை அங்கேயே விட்டேன். ஏற்றத்தில் சைக்கிள் பாரம். நடந்தேன், ஓடினேன். வளைவு வரும்போதெல்லாம் பள்ளத்தை எட்டிப் பார்த்து அவன் பேரைக் கத்தினேன். பதினொன்று. பத்து. ஒன்பது. ஒவ்வொரு வளைவாகத் தாண்டும்போது அங்கே நான் எந்த இடத்தில் பெல் அடித்தேன் என்பதுகூட நினைவுக்கு வந்தது. எட்டில் ஒரு மைல்கல். ஏழில் ஒரு பலா மரம். சைக்கிளில் இறங்க எட்டு நிமிஷம் ஆன தூரம். ஏற ஐம்பது நிமிஷம் ஆனது.

10.15. ஓடை. முன்னே பார்த்ததைவிட இப்போது தண்ணீர் அதிகம். இந்தக் கரையில் அவனுடைய ஒரு செருப்பு கிடந்தது. ஆள் இல்லை, சைக்கிள் இல்லை.

கத்தினேன். தண்ணீர் சத்தம். மறுபடி கத்தினேன்.

"மாமா" என்று கீழேயிருந்து கேட்டது.

ரோட்டின் ஓரத்திலிருந்து ஒன்றரை ஆள் ஆழம். உண்ணிப் புதருக்குள் கிடந்தான். ஓடைத் தண்ணீர் ரோட்டைத் தாண்டி அந்தப் பள்ளத்தில்தான் விழுந்தது. மேலே சைக்கிள். இடது கால் சைக்கிள் பாருக்கும் ஒரு கல்லுக்கும் நடுவே மாட்டியிருந்தது. முட்டிக்குக் கீழே அந்தக் கால் வேறு பக்கம் பார்த்தது. தண்ணீர் அவன் மார்பில் இருந்தது. இரண்டு கையாலும் ஒரு வேரைப் பிடித்திருந்தான்.

"முதல்ல இடுப்பாண்டதான் இருந்துச்சு" என்றான். தண்ணீரைச் சொன்னான்.

கயிற்றை ஒரு மரத்தில் கட்டிக்கொண்டு இறங்கினேன். சைக்கிளை அசைத்தேன். அவன் கத்தின கத்தலில் கையை எடுத்துவிட்டேன். மறுபடி பிடித்தேன். தண்ணீர் என்னையும் தள்ளியது. மேலேயிருந்து ஒரு கல் வந்து என் தோளில் அடித்து, அவன் தலைக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்னொரு கல் வந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கயிற்றை அவன் அக்குளில் சுற்றிக் கட்டினேன். தண்ணீர் வந்தாலும் அடித்துக்கொண்டு போகாது. அதற்கு மேல் ஒண்டியாக ஒன்றும் ஓடவில்லை. மேலே ஏறிக் கத்தினேன். எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. தொண்டை கட்டிவிட்டது.

தலையில் கோணிப்பையை மாட்டிக்கொண்டு ஒரு மலைக்காரர் வந்தார். பேர் சாமிக்கண்ணு. பின்னால் அவர் சம்சாரம், அவர் தம்பி.

"மாடு வுழுந்துடுச்சுன்னு வந்தோம். மனுசனா?" என்றார். எட்டிப் பார்த்தார். தம்பியை அனுப்பி மூங்கில் கழி கொண்டு வரச் சொன்னார். கழியைச் சைக்கிளுக்கு அடியில் கொடுத்து நெம்பினார்கள். நான் காலை எடுத்தேன். அந்த அம்மாள் மேலே நின்று கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கல் வந்தால் கத்தும். ஏழுமலை ரோட்டுக்கு வந்தபோது தண்ணீர் அவன் பிடித்திருந்த வேரை மூடியிருந்தது.

மணி பதினொன்று ஆகியிருக்கும். அப்போது எனக்கு ஆபீஸ் நினைவு வந்தது. வந்து, போய்விட்டது.

சாமிக்கண்ணு வீடு கிட்டத்தில்தான். புல் வேய்ந்த, தாழ்ந்த கூரை. வாசலில் கால் வைக்கப் போனேன்.

"செருப்பைக் கழட்டு" என்றது அந்த அம்மாள். "வூட்டாண்ட செருப்பு ஆவாது."

ஆளைத் தோளில் வைத்துக்கொண்டே கழற்றினேன். மூங்கில் பத்தையைக் காலின் இரண்டு பக்கமும் வைத்து, முருகேசன் சட்டையைக் கிழித்துக் கட்டினார்கள். சூடாகச் சாமைக் கஞ்சி கொடுத்தார்கள். ஏழுமலைக்குப் பல் கிட்டிக்கொண்டது. கஞ்சி பாதி கழுத்தில் ஓடியது. பிறகு கம்பளியைக் கழியில் கட்டித் தூளி மாதிரி ஆக்கினார்கள். ஏழு வளைவும் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முன்னால் சாமிக்கண்ணு, பின்னால் நான். அவர் தம்பி மாற்றுக்கு வந்தான்.

"இவன் உனக்கு இன்னா ஆவணும்?" என்று சாமிக்கண்ணு கேட்டார்.

"மச்சான் முறை."

"பொண்ணு குடுத்தவன், வுட்டுடாதே" என்றார். நான் கழியை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

1.10. கூரைக் கடை. ஆஸ்பத்திரி ஜீப் நின்றது. பச்சையப்பன் சொல்லி அனுப்பியிருந்தார். சாமிக்கண்ணு கழியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏழுமலையின் சைக்கிளைத் தண்ணீர் வடிந்ததும் எடுத்து வைப்பதாகச் சொன்னார். என் சைக்கிளை ஜீப்பின் பின்னால் கட்டினேன்.

2.30. ஜமுனாமரத்தூர். ஒரு கடைத்தெரு, சில சர்க்கார் கட்டடங்கள், சுற்றி மலை. நம் ஊர் மார்கழிக் குளிரைப் போல இரண்டு மடங்கு. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, வேலூருக்குத்தான் கொண்டு போக வேண்டும், உயிருக்குப் பயம் இல்லை என்றார்கள். அவனுக்கு ஊசி போட்டார்கள். தூங்கினான்.

நான் ஆபீசுக்குப் போனேன். முடிந்திருக்கும் என்று தெரியும். கார்டையாவது காட்டிவிட்டு வரலாம் என்று போனேன்.

ரோடு அடைத்ததால் அதிகாரி கீழே போக முடியாமல் அங்கேயே இருந்தார். கிளார்க் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சொன்னார். அதிகாரி வெளியே வந்தார்.

"நீதான் ஆளைத் தூக்கப் போனவனா? மத்தவங்க சொன்னாங்க. பொழைச்சிட்டானா?"

"பொழைச்சிட்டாங்க."

"நல்ல காரியம் பண்ணே. சைக்கிள் இருக்குதா? ஓட்டிக் காட்டு. நான் எழுதிக்கறேன்."

கொடிக்கம்பத்தைச் சுற்றி மூன்று தடவை ஓட்டினேன். சேற்றில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டில் நிறுத்தினேன். அதிகாரி கிளார்க்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இந்த மலைக்கு இந்த மாதிரி ஆளுதான் வேணும்" என்றார்.

அங்கே நான் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

"அய்யா, அவன் பின்னால வரலைன்னு யாருக்கும் தெரியாம இருந்ததுக்கு நான்தான் காரணம்" என்றேன். பெல் விஷயத்தைச் சொன்னேன். ஏழாவது வளைவில் நிற்காததையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு அதிகாரியிடம் அவ்வளவு பேசியது அப்போதுதான்.

கிளார்க் பேனாவை மூடினார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"இதை உன்னை யாருய்யா கேட்டா?"

"யாரும் கேக்கலைங்க."

"சரி, போ" என்றார்.

சாயங்காலம் ஏழுமலை விழித்தான். அவன் இல்லாமலேயே ஆறு அடித்துக்கொண்டு போனதை அவனிடமும் சொன்னேன். "நான்தான அடிக்கச் சொன்னேன்" என்று அவன் சொல்லுவான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை. பகலில் மழை நின்றது. ஆபீஸ் பலகையில் இரண்டு பேர் எழுதிப் போட்டார்கள். ஒன்று முருகேசன். ஒன்று ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக்காரர் ஒருத்தர், எனக்குத் தெரியாது. என் பேர் இல்லை. முருகேசன் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஏழுமலைக்கு இரண்டு ஆரஞ்சு வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். கிழித்த சட்டைக்குப் பதில் வேறு சட்டை தைத்துக் கொடுப்பதாகச் சொன்னேன். வேண்டாம் என்றான். சந்தை ஆட்கள் மூலம் சாமிக்கண்ணு சைக்கிளைக் கொடுத்தனுப்பினார். முன் சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது.

அன்றைக்கு முழுக்க ஏழுமலை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நர்சிடம் பேசினான். பக்கத்துக் கட்டில்காரரிடம் மழையைப் பற்றிப் பேசினான். நான் கஞ்சி கொடுத்தால் குடித்தான். அவன் பேசாமல் இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ராத்திரி அவன் கட்டிலுக்குக் கீழே படுத்தேன்.

சனிக்கிழமை. பாறையை உடைத்துப் பஸ் விட்டார்கள். காலை 8.30 வண்டி. போளூருக்கு நாலு ரூபாய், அங்கிருந்து வேலூர் வண்டி. இரண்டு சைக்கிளையும் மேலே போட்டேன். ஏழுமலையை முதுகில் தூக்கி வந்து கடைசி நீள சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட காலை மடக்க முடியாது. முன்னால் நீட்டிக் கீழே விட்டிருந்தான். பஸ் குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தான்.

மலையைப் பகலில், வெயிலில் அப்போதுதான் பார்த்தேன். சாமை வயல்கள், அடர்ந்த பச்சை. புளிய மரங்கள். ஓடை வந்தது. தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. சாமிக்கண்ணு வீட்டுக் கூரையில் புகை தெரிந்தது. பஸ் தாண்டியது.

ஏழுமலையும் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்தான்.

"எத்தினி வளைவு அடிச்சே?" என்றான். இரண்டு நாளில் முதல் வார்த்தை.

"ஏழு."

பஸ் ஏறி, மேலே வந்து, கீழே இறங்கத் தொடங்கியது. உடைத்த பாறையின் துண்டுகள் ஓரத்தில் குவிந்திருந்தன.

"ஒண்ணுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேனா மாமா?"

"நம்பியிருப்பே."

"அப்புறம் இன்னாத்துக்கு ஏழுன்னே?"

"ஏழுதான்."

"உனக்குப் பொழைக்கத் தெரியல" என்றான். சிரிக்கவில்லை.

அத்திமூரில் வளைவுகள் முடிந்தன. எங்கள் பக்கத்து ரோடு வந்தது. இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவே நேரான ரோடு. இங்கே சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்த்தால், அரை மைல் பின்னால் வருகிறவன்கூடத் தெரிவான். இந்த ரோட்டில் ஓட்டிப் பழகியவன்தான் நான். ஆனால் இங்கேயும் நான் எப்போதும் திரும்பிப் பார்த்து ஓட்டியதாக நினைவில்லை. தேவைப்படவில்லை.

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, என்னைக் கேட்காமல், இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி என் மடியில் வைத்தான். கனமாக இருந்தது. குலுங்காமல் பிடித்துக்கொண்டேன். போளூர் வரும் வரைக்கும் அவன் எடுக்கவில்லை.